அன்னப்பூரணி வென்ற ஓட்டம்

அன்னப்பூரணிக்குச் சைக்கிள் ஓட்டம் கலியாணத்தோடு வந்தது. பாலசுந்தரம் அவளைக் கட்டி, மட்டக்களப்புப் பக்க வழக்கப்படி பெரியகல்லாற்றுக்குப் பெண் வீட்டு மாப்பிள்ளையாக வந்தான். வந்த கையோடு ஊரில் ஒரு சைக்கிள் கழகத்தைத் தொடங்கினான். வாவிக்கரைச் சைக்கிள் கழகம் என்று பெயர். சித்திரைப் புத்தாண்டு ஓட்டங்களில் கல்முனை முதல் ஏறாவூர் வரை அந்தக் கழகத்தின் ஆறு ஓட்டக்காரர்களைத் தெரியாதவர்கள் குறைவு. அந்த நாட்களில் அன்னப்பூரணியின் வேலை, ஓட்டம் முடிந்து வருகிறவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வைப்பதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடியும் மூண்டது. ஆறு பேரில் இருவர் இயக்கத்துக்குப் போய்ச் செத்தார்கள். இருவர் வெளிநாடு போய்ச் சேர்ந்தார்கள். ஒருவனை அகதி முகாமிலிருந்து ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை. மிஞ்சிய பாலசுந்தரத்தை ஒரு சுற்றிவளைப்பில், ஆட்களைக் காட்டிக்கொடுக்க ஆமி கொண்டுவந்த, முகமூடி போட்ட தலையாட்டி ஒருவன் பார்த்துத் தலையை ஆட்டினான். ஏன் ஆட்டினான் என்பது இன்றுவரை தெரியாது. தெற்கே ஒரு சிறையில் மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு, குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊர் ஆமி முகாமில் கையெழுத்து வைக்க வேண்டும். ஊரை விட்டுப் போகக் கூடாது.

ஊரை விட்டுப் போகாதே என்று சொன்னவர்களுக்கு ஒருபடி மேலே போனான் பாலசுந்தரம். அவன் வீட்டை விட்டே போகவில்லை. ஞாயிறு கையெழுத்துக்குப் போய்வரும் நேரம் தவிர, தெருப்பக்க யன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பான். பிள்ளைகள் இல்லாத வீடு. அன்னப்பூரணி களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை பார்த்துச் சம்பளம் கொண்டுவந்தாள்.

பெரியகல்லாறு கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம். நடுவால் ஒரு பெருந்தெரு. வடக்கே பாலத்தில் ஆமி காவல் நிற்கும் ஒரு சென்ரி, தெற்கே ஊர் முடியும் இடத்தில் இன்னொரு சென்ரி. இரண்டிலும் தார்ப் பீப்பாக்களைத் தெருவில் உருட்டி வைத்திருப்பார்கள். கிழக்கே கடலில் இறங்கப் பாஸ் வேண்டும். மேற்கே வாவிக்கு அப்பால் படுவான்கரை. அது இயக்கத்தின் பக்கம். ஊர்ச் சனத்துக்குச் சொந்தமென்று இருந்தது இரண்டு சென்ரிகளுக்கும் இடையில் உள்ள அந்தத் தெருத்துண்டுதான்.

ஆஸ்பத்திரி வேலை முடிந்து திரும்பும்போது ஒரு பயம் உண்டு. பொழுது பட முன்னர் பாலத்தை மூடிவிடுவார்கள். பிந்தினால் அங்கால்பக்கத்தில் யாருடைய வீட்டிலாவது படுக்க வேண்டும். அதனால் களுவாஞ்சிகுடியில் வேலை செய்யும் கல்லாற்றுப் பெண்கள் எல்லாரும் பின்னேரம் சைக்கிளை உயிரைப் பிடித்துக்கொண்டு மிதிப்பார்கள். அந்த மிதியில்தான் அன்னப்பூரணி சீதேவியைக் கண்டாள்.

சீதேவிக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயது இருக்கும். படுவான்கரையில் பழுகாமத்துப் பிள்ளை. அங்கே ஷெல்லடி கூடியதும் சின்னம்மா வீட்டுக்கு வந்து கல்லாற்றில் இருந்தாள். களுவாஞ்சிகுடியில் ஒரு தையல் கடையில் வேலை. கரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, பழைய லேடீஸ் சைக்கிளில், எல்லாருக்கும் பின்னால் புறப்பட்டு எல்லாருக்கும் முன்னால் பாலத்தில் வந்து நிற்பாள். மூச்சு வாங்க மாட்டாள்.

ஒருநாள் சென்ரி வரிசையில் நிற்கும்போது அன்னப்பூரணி கேட்டாள்.

"புள்ள, நீ எங்க இப்பிடி மிதிக்கப் பழகின?"

"பழகல்லக்கா. எங்கட வயல் வட்டைக்குச் சோறு கொண்டுபோறது நான்தான். வரம்பில ஓடினா தெரு லேசு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அன்னப்பூரணி கழகக் கொட்டிலின் பூட்டுத் திறப்பைக் கேட்டாள். பாலசுந்தரம் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னத்துக்கு?"

"உள்ளுக்க றேசிங் சைக்கிள் கிடக்குத்தானே. பொம்புளைகளச் சேர்த்து ஓடப்போறன்."

"உனக்கு விசரா? ஆறு பேர் ஒண்டாச் சேர்ந்து ஓடினம். எங்க இருக்காங்க அந்த ஆறு பேரும்? கூட்டமா ஓடினா ரெண்டு பக்கமும் கண்ணு வைக்கும் பூரணி. நல்லா ஓடினா இன்னும் கூடக் கண்ணு வைக்கும்."

"ஓடாட்டி விட்டிருவானுகளோ? நீங்க ஓடாமத்தான் இருக்கீங்க. விட்டிட்டானுகளா?"

 திறப்பு எங்கே இருக்கிறதென்று கண்ணால் காட்டினான்.

கொட்டிலில் கறையான் தின்றது போக ஓடக்கூடிய நிலையில் இரண்டு றேசிங் சைக்கிள்கள் இருந்தன. மற்றவற்றைக் கழற்றிப் பொருத்தி இன்னும் இரண்டை உண்டாக்கினான் பாலசுந்தரம். வீட்டுக்குள் இருந்தபடியே செய்தான். வேண்டாமென்று சொன்ன மனுசன், கையில் எண்ணெய் பட்டதும் சாப்பாட்டை மறந்தான். அவனுடைய சொந்தச் சைக்கிள் அந்த நான்கில் ஒன்று. அதைச் சீதேவிக்குக் கொடுக்கச் சொன்னதும் அவன்தான்.

அணியில் நான்கு பேர். அன்னப்பூரணி, சீதேவி, பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் மங்கையற்கரசி, புருசனை இழந்து பாண் சுமந்து விற்கும் தெய்வமணி. தெய்வமணிக்கு உடம்பு பெரிது. மங்கையற்கரசிக்கு வாய் பெரிது.

முகாமில் அனுமதி கேட்கப் போனது அன்னப்பூரணி. ஆஸ்பத்திரிக்காரி என்று முகாமின் பெரியவரான அதிகாரிக்கு அவளைத் தெரியும். மொழிபெயர்க்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் கேட்டார். ஏன் ஓட வேண்டும்? ஓடி எங்கே போக? பெண்களுக்கு வீட்டில் வேலை இல்லையா? கடைசியில் சிரித்துக்கொண்டு சம்மதித்தார். இந்தப் பீப்பாவிலிருந்து அந்தப் பீப்பா வரை ஓடலாம். பீப்பாவைத் தாண்டக் கூடாது. பாதையை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கக் கூடாது.

அப்படித்தான் ஓடினார்கள். வடக்குப் பீப்பாவில் கிறுகித் திரும்பினால் தெற்குப் பீப்பா. தெற்கில் கிறுகினால் வடக்கு. வேகம் பிடித்து, கால் சூடேறி, இனிப் பறக்கலாம் என்று தோன்றும் இடத்தில் பீப்பா வந்து நிற்கும். பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, ஹேண்டிலை ஒடித்துத் திருப்ப வேண்டும். சென்ரிப் பொடியன்கள் முதலில் விசிலடித்தார்கள். பிறகு யார் முன்னால் வருவாள் என்று தங்களுக்குள் பந்தயம் பிடித்தார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

"செக்கு மாடு கூட எண்ணெய் காட்டும் அக்கா," என்றாள் மங்கையற்கரசி ஒருநாள், தெற்குப் பீப்பாவில் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தெருவிலேயே குந்திக்கொண்டு. "நாம என்னத்தக் காட்டினம்? எனக்குத் தலை சுத்துது. அந்தக் கள்ளுக் கொட்டிலையும் அந்த முறிஞ்ச மதிலையும் நான் இனிப் பார்க்கமாட்டன்."

"பார்க்காத. முன்னுக்குப் போறவட பின் சில்லப் பாரு," என்றாள் அன்னப்பூரணி.

அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பாலசுந்தரம்.  கச்சான் காற்று வாவிப் பக்கமிருந்து அடிக்கும்போது தனியாக மிதித்தால் ஆள் சாகும். ஒருத்தி முன்னால் போய்க் காற்றை வாங்க, மற்றவர்கள் அவளுடைய முதுகுக்குள் ஒடுங்க வேண்டும். அவள் களைத்ததும் அடுத்தவள் முன்னுக்கு. கடைசியில் மிச்சம் வைத்த பெலத்தோடு ஒருத்தியை விட வேண்டும். வெல்வது அவள் ஒருத்திதான். வெல்ல வைப்பது மூன்று பேர். முதலில் இது தெய்வமணிக்கு ஏறவில்லை.

"நான் காத்த வாங்கி இவள் மெடல் வாங்கவா?"

"ஓம். அதுதான் அணி," என்றாள் அன்னப்பூரணி. "விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லு."

தெய்வமணி தன் உடம்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "என்ட உடம்புக்குக் காத்து மறைக்கத்தான் சரி," என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஓடுவது மதிலுக்குப் பின்னால் ஓடுவது போல இருக்கும் என்று மற்ற மூவரும் சொல்வார்கள்.

யன்னலோரம் இருந்தபடி பாலசுந்தரம் தெருவில் போகும் சில்லுகளின் சத்தத்தைக் கேட்பான். மாலையில் அன்னப்பூரணி வந்ததும் சொல்வான்: மூன்றாவதாகப் போனவளின் செயின் தொய்ந்து கிடக்கிறது, சீதேவி கிறுகும்போது பிரேக்கை அமத்துவது அதிகம். ஒரு பின்னேரம் அவன் சிரித்ததைக்கூட அவள் கண்டாள். சண்டைக்கு முந்திய சிரிப்பு. இந்த ஆள் எப்போதாவது ஒருநாள் எழும்பித் தெருவுக்கு வருவான் என்று அவள் உள்ளுக்குள் நம்பத் தொடங்கினாள்.

ஒரு வருடம் கழிந்தது. ஊர் பழகிவிட்டது. ஆனால் பாலசுந்தரம் முதல் நாள் சொன்னது நடந்துகொண்டும் இருந்தது. சீதேவியின் அண்ணன் இயக்கத்தில் இருக்கிறான் என்ற கதை எப்படியோ முகாமுக்கு எட்டியது. பாலத்துச் சென்ரியில் மற்றவர்களை விட்டுவிட்டு அவளை மட்டும் மறித்து வைக்கத் தொடங்கினார்கள். அண்ணன் எங்கே, எப்போது கண்டாய், அவனுக்கு மருந்து கொண்டுபோகிறாயா என்று கேள்வி. வெயிலில் நிற்க வைப்பார்கள். ஒருமுறை அழுதுகொண்டு வந்தாள். மற்ற முறைகளில் அழவில்லை. அதுதான் அன்னப்பூரணிக்குப் பயத்தைக் கொடுத்தது.

அங்கால் கரையில் இயக்கமும் ஆள் விட்டது. பழுகாமத்தில் சீதேவியின் தாயிடம் போய், "உங்கட மகள் அங்க ஆமிக்காரன் கைதட்ட சைக்கிள் ஓடுறாளாமே. நல்ல தெம்பான பிள்ளையாம். இஞ்ச அனுப்புங்க, எங்களுக்கு வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். மகனைக் கொடுத்த வீடு. மகளையும் கேட்டார்கள். தாய் ஆள்விட்டுச் சொன்னாள்: இங்கே வராதே. அங்கேயும் இருக்காதே. வேறு எங்கே போவதென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நான் எங்கக்கா போறது?" என்று சீதேவி கேட்டாள். அன்னப்பூரணியின் வீட்டுக்குள், பாலசுந்தரத்தின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து கேட்டாள். 

"ஓட்டத்த விடாத," என்றாள் அன்னப்பூரணி. அதை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அந்த ஆடி மாதத்தில் மாவட்ட விளையாட்டு விழா வந்தது. பெண்களுக்கும் தெரு ஓட்டம் உண்டு. மட்டக்களப்பு நகரத்திலிருந்து செங்கலடிச் சந்தி வரை போய், அங்கே பீப்பாவில் கிறுகி, திரும்பவும் நகரத்துக்கு. அன்னப்பூரணி முகாமுக்கு நடையாய் நடந்தாள். நான்கு பேருக்கும் பாஸ் கிடைத்தது. சீதேவியின் பாஸைக் கொடுக்கும்போது பெரியவர் மொழிபெயர்ப்பாளனிடம் ஏதோ சொன்னார்.

"நாலு பேர் போறீங்க. நாலு பேரும் திரும்பி வரணுமாம். வராட்டி உங்களத்தான் கேட்பாராம்," என்றான் அவன்.

"வருவம்," என்றாள் அன்னப்பூரணி.

சைக்கிள்களைப் பஸ்ஸின் கூரையில் கட்டிக்கொண்டு முதல்நாளே போனார்கள். கல்லடியில் தெய்வமணியின் மச்சாள் வீட்டில் தங்கினார்கள். மங்கையற்கரசி வழி முழுக்கக் கதைத்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு காணும் கல்லடிப் பாலம், எவ்வளவு காலத்துக்குப் பிறகு காணும் கடைகள்! சீதேவி வாய் திறக்கவில்லை. ஓட்டப் பயம் என்று நினைத்தாள் அன்னப்பூரணி.

காலை ஓட்டத்தில் நின்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள். முதுகில் இலக்கத் துணி குத்தினார்கள். தெரு முழுக்கச் சென்ரிகளுக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், இலக்கம் குத்திய ஆளை யாரும் மறிக்க மாட்டார்கள் என்றும் ஒழுங்கு செய்தவர்கள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த மங்கையற்கரசி, "மறிக்காத தெருவாம்!" என்று வாயைப் பிளந்தாள்.

விசில் ஊதியதும் தெய்வமணி முன்னால் போனாள். நகரத்தைத் தாண்டியதும் கச்சான் சூடாக முகத்தில் அடித்தது. தெய்வமணி குனிந்து மிதித்தாள். மூன்று பேரும் அவளுக்குப் பின்னால். ஒரு சென்ரி வந்தது, பிறகு இன்னொன்று. நால்வருக்கும் கை தானாகப் பிரேக்குக்குப் போனது. யாரும் மறிக்கவில்லை. பீப்பா வரவில்லை. தெரு போய்க்கொண்டே இருந்தது. அன்னப்பூரணி பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு மிதித்தாள். 

தெய்வமணி களைத்து விலக, மங்கையற்கரசி முன்னுக்கு வந்தாள். நகரத்துப் பெண்கள் இருவர் விடாமல் பின்னால் வந்தார்கள். ஏறாவூர்க் கடைத்தெருவுக்கு முன்னால் மங்கையற்கரசி விலகினாள். அன்னப்பூரணி எழுந்து நின்று மிதித்தாள். பெலம் எல்லாவற்றையும் அந்தக் கடைத்தெருவில் கொட்டினாள். கடைகள் முடியும் இடத்தில், பக்கத்துக்கு விலகிக்கொண்டு கத்தினாள்.

"போ, சீதேவி!"

சீதேவி போனாள். அன்னப்பூரணி எத்தனையோ ஓட்டம் பார்த்தவள். அப்படி ஒரு போக்கைப் பார்த்ததில்லை. செங்கலடிப் பீப்பாவை நெருங்கும்போது சீதேவி அதில் கிறுகித் திரும்பி வந்துகொண்டிருந்தாள். எதிரெதிரே சந்தித்தார்கள். சீதேவி தலையை நிமிர்த்தி அன்னப்பூரணியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தது போல இருந்தது.

"விடாத! போ, போ!" என்று அன்னப்பூரணி மறுபடி கத்தினாள்.

திரும்பும் வழியில் காற்று முதுகில் இருந்தது. நகரத்துப் பெண்கள் இருவரும் அவளும்தான். இரண்டாம் இடத்துக்காவது ஓட வேண்டும் என்று நினைத்தாள். முடிவுக் கோட்டில் ஒரு சில்லு வித்தியாசத்தில் அவர்களை முந்தினாள். சனம் ஆரவாரித்தது. யாரோ ஒருவர் ஓடிவந்து கழுத்தில் மாலை போட்டார்.

"எனக்கில்ல, முன்னுக்கு வந்த பிள்ளைக்குப் போடுங்க. சீதேவி எங்க?"

"எந்தப் பிள்ளை? நீங்கதானம்மா முதல்."

"இல்ல, எனக்கு முன்னால எங்கட பிள்ளை வந்திருக்கு."

"ஒருத்தரும் வரல்ல."

மாலையைப் பிடித்துக்கொண்டு அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். தெய்வமணி வந்தாள். மங்கையற்கரசி வந்தாள். கடைசி ஆளும் வந்து சேர்ந்தாள். சீதேவி வரவில்லை.

ஒழுங்கு செய்தவர்களில் ஒருவர் பதறினார். "வழியில விழுந்திட்டாளோ? ஆமிக்குச் சொல்லித் தேடச் சொல்லுவமா?"

ஆமி தேடினால் என்ன நடக்கும் என்று அன்னப்பூரணிக்கு அந்தக் கணமே விளங்கியது. சீதேவிக்கு என்ன ஆனதென்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"தேட வேணாம். வழியில வயித்துக்குத்து எண்டு எனக்குக் கையக் காட்டினவள். செங்கலடியில அவட சொந்தக்காரர் இருக்காங்க. அங்க போயிருப்பாள்."

தெய்வமணியும் மங்கையற்கரசியும் அவளையே பார்த்தார்கள்.  வெற்றி மேடையில் ஏறி நிற்கச் சொன்னார்கள். ஏறி நின்றாள். கைதட்டும்போது சிரிக்கச் சொன்னார்கள். அதையும் செய்தாள். வாழ்க்கையில் அவள் வென்ற முதலாவது ஓட்டம். அந்த மேடையில் நின்ற நேரம் போல அவளுக்கு எந்தச் சென்ரியிலும் நேரம் போகாமல் கிடந்ததில்லை.

பாலத்துச் சென்ரியிலும் அதே வயிற்றுக்குத்துக் கதையைச் சொல்லி, மூன்று பேரும் மூன்று சைக்கிளுமாகக் கல்லாற்றுக்கு வந்தார்கள். பாலசுந்தரம் யன்னலோரம் இருந்தான். மூன்று சைக்கிள்களைப் பார்த்தான். அன்னப்பூரணியின் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தான். நாலாவது எங்கே என்று கேட்கவில்லை. அவனுடைய சொந்தச் சைக்கிள் அது. அவன் கேட்கவில்லை.

மற்ற இருவரும் போகும்வரை அன்னப்பூரணி காத்திருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்."

அவன் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"இஞ்ச பாருங்க. உங்களுக்குத் தெரியும்."

"பத்திரமா இருக்காள்," என்றான். "ஆள் விட்டு ஏறாவூர்ல அசனாரப் பிடிச்சன். அவர்ர வாப்பா காலத்தில இருந்து பழுகாமத்து நெல்லு வாங்கின மனுசன், சீதேவிட அப்பாவோட ஒண்டாச் சாப்பிட்டவர். அவர்ர குடும்பம் கொழும்புக்குப் போற வேனில பொம்புளைகளோட பொம்புளையா முக்காடு போட்டுக் கூட்டிப்போறன் எண்டார். இலக்கம் குத்தினவள ஒருத்தனும் மறிக்கமாட்டான். அதுக்குப் பிறகு எங்க எண்டு எனக்கும் தெரியா. உனக்கும் தெரியாம இருக்கிறதுதான் நல்லம்."

"எப்ப இருந்து?"

"விழா எண்டு சொன்ன நாளில இருந்து. ஆஸ்பத்திரிக்கு நீ போன நேரத்தில அவள் வந்து போனவள்."

அன்னப்பூரணி கிண்ணத்தை நிலத்தில் வைத்தாள். 

"நாலு பேரும் வரணும் எண்டு நான் வாக்குக் குடுத்துப் போட்டுப் போனன். தெய்வமணி காத்த வாங்கினாள். மங்கை வாங்கினாள். நான் என்ட நெஞ்சு வெடிக்க வாங்கினன். எல்லாம் அவள் ஓடிப் போகவா?"

"நீதானே சொல்லுவ. ஒருத்திய முன்னுக்கு விடத்தான் மத்தவங்க எண்டு."

"அது தெரிஞ்சு வாங்கிறது! தெய்வமணியிட்ட நான் கேட்டன், விருப்பமில்லாட்டிச் சொல்லு எண்டு. எங்களிட்ட நீங்க கேட்டீங்களா? தெரியாம வாங்க வைச்சா அது அணியில்ல. அது எங்களப் பாவிச்சது."

"தெரிஞ்சிருந்தா உன்ட மூஞ்சியில எழுதியிருக்கும் பூரணி. முதல் சென்ரியிலயே வாசிச்சிருப்பானுகள். நான் மூண்டு வருசம் உள்ளுக்க இருந்தவன். தெரியாதவனால மட்டும்தான் தெரியாது எண்டு சொல்ல ஏலும்."

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. சரியாக இருந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் யன்னலோரம் இருந்து சில்லுச் சத்தம் கேட்டவன், சிரித்தவன், அவளோடு சேர்ந்து ஒரு அணியைக் கட்டுகிறான் என்று நினைத்திருந்தாள். அவன் கட்டியது ஒரு வாசல். ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய வாசல். அது நல்ல காரியம்தான். ஆனால் அவளுக்கு அந்த வாசலில் பங்கில்லை. அதைச் சாத்திவிட்டு அவள் உள்ளே நிற்க வேண்டும்.

ஏறாவூரில் ஒரு அரிசி ஆலையின் பின்புறம் சைக்கிளைக் கண்டெடுத்தார்கள். அதன் பிறகு முகாமிலிருந்து ஆள் வர நேரம் எடுக்கவில்லை. அன்னப்பூரணியைக் காலையில் கூட்டிக்கொண்டு போய், நிழலில்லாத இடத்தில் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். பெரியவர் இந்த முறை சிரிக்கவில்லை. எங்கே போனாள்? யார் வந்து கூட்டிப் போனது? படுவான்கரைக்குத்தானே அனுப்பினாய்? ஒரே கேள்வியை வெவ்வேறு ஆட்கள் வந்து கேட்டார்கள். எங்கே என்று தெரியாது என்றாள் அவள். அது உண்மை. உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்ல, அது பொய் போல அவளுக்கே கேட்கத் தொடங்கியது. பொழுது சாயும் நேரம் விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு கையெழுத்துக்குப் போன பாலசுந்தரம் திரும்பி வரவில்லை. அன்னப்பூரணி முகாம் வாசலில் போய் நின்றாள். உள்ளே இருக்கிறானா என்று கேட்டால் இல்லை என்றார்கள். சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்தால் வாங்கினார்கள். அதை வைத்து அவன் உயிரோடு இருக்கிறான் என்று கணக்குப் போட்டாள். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெறும் யன்னலும் கதிரையும் உள்ள வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை. மறு கிழமை அவனை விட்டார்கள். நடந்து வந்தான். முதுகை அவளுக்குக் காட்டவில்லை.

"அவள் படுவான்கரைக்குப் போனாள் எண்டுதான் அவங்கள் நினைக்கிறாங்கள்," என்றான். "நானும் அப்பிடியே நினைக்க விட்டிட்டன்."

அங்கால் கரையிலிருந்து இயக்கத்தின் அழைப்பும் வந்தது. குருமண்வெளித் துறையில் தோணி ஏறி மண்டூருக்குப் போனாள் அன்னப்பூரணி. அங்கே ஒரு ஓலைக் கொட்டிலில், அவளைவிட வயது குறைந்த, கட்டையாகத் தலைமயிர் வெட்டிய ஒருத்தி விசாரித்தாள். சீதேவியை ஆமி பிடித்து வைத்திருக்கிறது, அதற்கு அன்னப்பூரணியின் விளையாட்டுத்தான் காரணம் என்பது அவர்களுடைய முடிவு.

"போராளிட தங்கச்சியக் கொண்டுபோய் அவங்கட விழாவில விட்டீங்க. என்ன அக்கா இது?"

"அவள் ஓட ஆசைப்பட்டாள் தங்கச்சி. நானும் ஆசைப்பட்டன். வேற ஒண்டும் எனக்குத் தெரியா."

ஆளுக்கு ஆள் மற்றப் பக்கத்தைச் சந்தேகித்ததால் சீதேவியை ஒருவரும் கொழும்புத் திசையில் தேடவில்லை. அன்னப்பூரணியும் உயிரோடு வீடு வந்து சேர்ந்தாள். ஒரேயொரு விசயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது: கல்லாற்றில் இனிப் பெண்கள் சைக்கிள் ஓட்டம் வேண்டாம். முகாமிலிருந்து வந்து கொட்டிலில் இருந்த மூன்று சைக்கிள்களையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தெய்வமணியிடமும் மங்கையற்கரசியிடமும் அன்னப்பூரணி உண்மையைச் சொன்னாள். உடனே அல்ல, பயம் கொஞ்சம் தணிந்த பிறகு, கடற்கரையில் வைத்து. மங்கையற்கரசி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பல மாதம் முகம் கொடுக்கவில்லை. தெய்வமணி மட்டும் அங்கேயே இருந்தாள்.

"என்னக் கேட்டிருந்தா நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்," என்றாள். "ஆனா கேட்டிருக்கலாம்."

பாலசுந்தரத்திடம் அன்னப்பூரணி அதைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு அவர்கள் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. அவன் யன்னலோரக் கதிரையை அறைக்குள் தள்ளிப் போட்டுக்கொண்டான். தெருவில் கேட்க இனி ஒன்றும் இருக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரிச் சைக்கிளில் வேலைக்குப் போனாள், பாலம் மூட முன்னர் திரும்பி வந்தாள். தனியாக வரும்போது கச்சான் முழுவதும் அவளுடைய முகத்தில் அடித்தது.

ஐந்து வருடம் அப்படியே போனது. சமாதானம் என்று அறிவித்து, பீப்பாக்களை ஓரத்துக்கு உருட்டிய பிறகு, ஒருநாள் களுவாஞ்சிகுடியில் தொலைபேசி வைத்திருந்த ஒரு கொமினிக்கேசன் கடைக்காரன் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினான். வெளிநாட்டிலிருந்து அழைப்பு, பிறகு எடுப்பார்களாம், வந்து இருக்கட்டாம். அன்னப்பூரணி வேலை உடுப்போடு போய் அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார்ந்தாள். மணி அடித்தது.

"பூரணியக்கா?"

குரல் உடனே தெரிந்தது. இருவரும் கொஞ்சநேரம் அழுதார்கள். சீதேவி சுவிஸில் இருந்தாள். கலியாணம் முடித்து ஒரு ஆண் குழந்தை. தாய் செத்த செய்தி இரண்டு வருடம் பிந்தித்தான் தெரியுமாம். அண்ணன் என்ன ஆனான் என்று கேட்டாள், அன்னப்பூரணிக்கும் தெரியவில்லை.

"அக்கா, உங்களுக்கு அடிச்சவங்களா? என்னால..."

"எனக்கில்ல. விடு அத."

"அண்டைக்குச் செங்கலடியில உங்களக் கண்டதும் சொல்லிப்போட்டு நிக்கலாம் எண்டுதான் நினைச்சன். நீங்க போ போ எண்டு கத்தினீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சிட்டிருக்கன்."

 கண்ணாடிக்கு வெளியே கடைக்காரன் யாருக்கோ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இல்ல புள்ள, தெரியா," என்றாள். "தெரிஞ்சிருந்தாலும் கத்தியிருப்பன்."

சீதேவி மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, ஓட்டத்தில யாரு வெண்டது?"

"நான்தான்."

"உண்மையாவா?"

"ஓம். கிண்ணம் வீட்ட கிடக்கு. அதுக்குள்ள இப்ப உன்ட பாலண்ணன் தையல் ஊசி, பொத்தான் எல்லாம் போட்டு வைச்சிருக்கார்."

சீதேவி சிரித்தாளா அழுதாளா என்று விளங்கவில்லை. தொடர்பு இரைந்து அறுந்துபோனது. மறுபடி மணி அடிக்கும் என்று கொஞ்சநேரம் கூட்டுக்குள்ளேயே இருந்தாள் அன்னப்பூரணி. அடிக்கவில்லை. வார்ட்டில் பின்னேரச் சாப்பாடு பரிமாறும் நேரம் நெருங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.